இடைப்பால் குழந்தை: பள்ளிக்கூடம் சேர்ப்பதற்குள் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா?

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்க மட்டும்தான் செய்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊர், பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை, மன்னியுங்கள்.

என் குழந்தைக்கு 5 வயது. பிறந்த அன்று என் அம்மா "என்ன குழந்தை?" என்று கேட்டதற்கு நர்ஸ் பதில் சொல்லவில்லை. துணியை இழுத்து மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார். பார்த்தால் பெண் குழந்தை மாதிரியும் இருந்தது, மேலே சின்னதாக ஆண் குறி மாதிரியும் இருந்தது. இப்படிப் பிறப்பதைத்தான் இடைப்பால் என்கிறார்கள்.

நான் கட்டியிருப்பது தாய்மாமனை. அதனால் மாமியார் எனக்கு அம்மாச்சியும்தான். இந்த மாதிரி நேரத்தில் பழி பெண் வீட்டார் மேல் விழும் என்பார்கள். எங்களுக்குப் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒன்றே. பழி போட ஆள் இல்லாமல் அது கிரகணத்தின் மேல் விழுந்தது. ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று வாசலில் காய்ந்த துணியை எடுத்தேனாம். அதை நானே நம்பினேன்.

12 நாள் வீட்டில் ஒரே பேச்சு. ஆண் என்று சொல்வதா, பெண் என்று சொல்வதா, பக்கத்து வீட்டுக்கு என்ன சொல்வது. குழந்தை பால் குடித்ததும் கக்கிக்கொண்டே இருந்தது. "பச்சப்புள்ளன்னா கக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டோம். 12-ஆம் நாள் ராத்திரி பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை, கை கால் துணி மாதிரி தொங்கியது. ஆட்டோ பிடித்து ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஆணா பெண்ணான்னு அப்புறம் பாக்கலாம்மா. பிள்ளை உடம்புல உப்பு இல்ல. நாளைக்கு வந்திருந்தா பிள்ளையே இருந்திருக்காது."

நோயின் பெயர் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி, சுருக்கமாக சி.ஏ.ஹெச். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்பில் உப்பைக் காக்கும் ஹார்மோனைச் சரியாகச் சுரக்காமல் ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரந்துவிடுமாம். பெண்களுக்கு இருக்கும் எக்ஸ்எக்ஸ் குரோமோசோம்தான், கர்ப்பப்பை இருக்கிறது. பெண் பிள்ளையாகத்தான் வளர்க்கிறோம். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மாத்திரை. நன்றாக இருக்கிறாள்.

வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் "அதை" ஆபரேஷன் செய்து எடுத்துவிடுங்கள் என்று வீட்டில் நெருக்குகிறார்கள். என் கணவருக்கும் பாதி மனசு. போன வாரம் சித்தி மகளோடு குளிக்கும்போது பிள்ளை கேட்டாள்: "அம்மா, இது ஏன் அக்காவுக்கு இல்ல?" ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரிடா என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று தூங்கவில்லை.

உங்கள் மனசை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்? பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?

பழையவார்டு | செவ்வாய், இரவு 11.55

தங்கம், முதலில் கிரகணத்தை இறக்கி வை. நான் 31 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

சி.ஏ.ஹெச் வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணு சேர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவருக்கு எந்தத் தொந்தரவும் இராது, அது இருப்பதே தெரியாது. உன் மாமாவுக்கும் உனக்கும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கலாம். சொந்தத்தில் கட்டினால் இரண்டும் சேரும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அசலில் கட்டியவர்களுக்கும் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது சுமார் 5,800 பேரில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் 2,000 பேரில் ஒருவருக்கு. நம் பக்கத்தில் இது அபூர்வமே இல்லை. அடுத்த பிள்ளை யோசனை இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடு, ஒவ்வொரு தடவையும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

அந்த நர்ஸ் துணியை மூடிக்கொண்டு போனதற்கு அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். எங்களுக்கு யாரும் வேறு சொல்லித் தரவில்லை. வாசலில் வாட்ச்மேன் முதல் ஆயா வரை எல்லாருக்கும் ஒரே கேள்விதான். பையன் என்றால் இவ்வளவு, பொண்ணு என்றால் இவ்வளவு என்று கை நீட்டும் பழக்கம் வேறு. பதில் தெரியாத குழந்தை பிறந்தால் வார்டே ஊமையாகிவிடும். அம்மா அந்த மௌனத்தைத்தான் முதலில் கேட்கிறாள்.

பிற்காலத்தில் நான் வேறு மாதிரி செய்தேன். துணியை மூட மாட்டேன். குழந்தையை அம்மா நெஞ்சில் போட்டு, "நல்லா அழுதுச்சு, எடை 2 கிலோ 900, உங்க மூக்கு" என்பேன். அப்புறம், "உறுப்பு முழுசா உருவாகிறதுக்கு முன்னாடி பிறந்திருக்கு, ரத்தம் பார்க்கணும், ஒரு வாரத்தில் டாக்டர் சொல்லுவார்" என்பேன். நம் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. குழந்தை என்றால் "அது வந்தது, அது தூங்குது" என்றே பேசலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பாப்பா, குட்டி, பட்டு என்று எத்தனை பெயர். தமிழ், மதி, அன்பு என்று யாருக்கும் பொருந்தும் பெயரும் இருக்கிறது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்தைத் தாண்டத் தெரிந்த குடும்பங்கள் தேறிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உன் டாக்டரம்மா சொன்ன வார்த்தையைச் சட்டம் போட்டு மாட்டலாம். உப்புதான் அவசரம். மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

கொங்குமேட்டான் | புதன், காலை 6.15

அம்மா, நான் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. எங்கள் மகளுக்கும் இதே சி.ஏ.ஹெச். ஒன்றரை வயதில் ஆபரேஷன் செய்தோம், 2009-ல். ஒரே ஆபரேஷனில் முடியும் என்றார்கள், மூன்று ஆனது. இன்று அவள் கல்லூரிக்குத் தயாராகிறாள். பள்ளியில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கிராமத்தில் இருப்பவனுக்கு அது பெரிய விஷயம். வாய்க்காலில் பிள்ளைகள் ஒன்றாகக் குளிக்கிற ஊர் எங்களுடையது. ஒருத்தி பார்த்தால் மாலைக்குள் ஊருக்கே தெரியும். அந்த வாயை யார் அடைப்பது? அப்பன் அம்மா எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்ல எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது.

மல்லிகைப்பந்தல் | புதன், காலை 9.30

தெரியாமல் கேட்கிறேன், மன்னிக்கவும். இந்தக் குழந்தைகள்தான் பின்னால் திருநங்கை ஆகிறார்களா?

நூலகத்துப்படி | புதன், மதியம் 1.20

மல்லிகைப்பந்தல், இரண்டும் வேறு. இடைப்பால் என்பது பிறப்பிலேயே உடம்பு ஆண், பெண் என்ற இரண்டு அச்சிலும் சரியாகப் பொருந்தாமல் இருப்பது. இடையிலிங்கம், ஊடுபால் என்றும் எழுதுகிறார்கள். திருநங்கை, திருநம்பி என்பது தன்னை யாராக உணர்கிறோம் என்பதைப் பற்றியது. 2019-ன் மத்தியச் சட்டம் இரண்டையும் ஒரே வரையறைக்குள் வைத்துவிட்டதால் குழப்பம் கூடியிருக்கிறது. இடைப்பால் குழந்தைகளில் பலர் வளர்த்த பாலிலேயே வாழ்கிறார்கள், சிலர் மாறுகிறார்கள்.

ஆபரேஷன் பற்றி. தமிழ்நாட்டில் இது வெறும் குடும்ப முடிவு இல்லை. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். அதில் இடைப்பால் குழந்தைகளுக்குச் செய்யும் இந்த ஆபரேஷன்களைத் தடைசெய்ய அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும், இப்படி ஒரு குழந்தை பிறப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று பெற்றோருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆகஸ்ட் 13-ல் அரசாணை 355 வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர வேறு காரணத்துக்குச் செய்யக்கூடாது. இந்தியாவில் முதலில் தடை போட்டது நாம்தான். உலகில் முதலில் மால்டா, 2015. மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் போன்ற இடைப்பால் செயற்பாட்டாளர்கள் பல வருடம் பேசிப் பேசித்தான் இது நீதிமன்றம் வரை போனது.

"சின்ன வயசிலேயே சரிசெய்துவிட வேண்டும்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜான் மணி என்ற உளவியலாளர் 1950-களில் பரப்பியது. உறுப்பைச் சீக்கிரம் மாற்றி, அதற்கேற்ப உறுதியாக வளர்த்து, விஷயத்தை மறைத்துவிட்டால் பிள்ளை அப்படியே ஆகிவிடும் என்றார். அதற்கு அவர் காட்டிய பெரிய ஆதாரம் கனடாவின் டேவிட் ரைமர். அவர் இடைப்பால் கூட இல்லை. 1966-ல் சுன்னத்தின்போது நடந்த விபத்தில் குறியை இழந்த ஆண் குழந்தை. பெண்ணாக வளர்த்தார்கள். வளரிளம் வயதில் உண்மை தெரிந்ததும் அவர் ஆணாகவே வாழத் தொடங்கினார். 2004-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆதாரம் இடிந்த பிறகும் பழக்கம் மட்டும் நம்மூர் வரை வந்துவிட்டது.

கடலோரம் | புதன், இரவு 11.10

மூன்று தடவை எழுதி அழித்தேன். வைகைக்கரை, நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் மகளுக்கு 4 வயதில் அடிவயிற்றில் குடலிறக்கம் என்று ஆபரேஷனுக்குப் போனோம். உள்ளே இருந்தது விரை. குரோமோசோம் எக்ஸ்ஒய், பொதுவாக ஆண்களுக்கு இருப்பது. ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்றுக்கொள்ளாத நிலை, ஆண்ட்ரோஜன் உணர்வின்மை. வெளியே முழுக்கப் பெண், கர்ப்பப்பை இல்லை. விரையில் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தி இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் அந்த ஆபத்து மிகக் குறைவு, பருவம் முடியும் வரை விட்டுவைக்கலாம் என்பதைப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். விட்டிருந்தால் அதிலிருந்தே அவள் உடம்பு தானாகப் பருவம் எய்தியிருக்கும். இப்போது எலும்பு பலவீனமாகாமல் இருக்கவும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைதான்.

அந்த டாக்டர், "பிள்ளைகிட்ட சொல்லாதீங்க, கர்ப்பப்பை வளரலன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

13 வயது தாண்டியதும் சொந்தக்காரர்கள் "இன்னும் பெரிய மனுஷி ஆகலையா" என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. 14 வயதில் அவள் வயசுக்கு வந்துவிட்டாள் என்று நானே சொல்லிவிட்டேன். ஓலைக் குச்சு கட்டினோம், மண்டபம் பிடித்தோம், என் தம்பி தாய்மாமன் சீராக 21 தட்டு கொண்டு வந்தான். மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு எதுவும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். வந்ததாகச் சொல் என்று அவளிடம் சொன்னதே நான்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தாள். ஆதார் அட்டை தேடி பீரோவைத் திறந்தவள் அந்த ஃபைலைப் பார்த்துவிட்டாள். "46, எக்ஸ்ஒய்" என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கத்தவில்லை. மூன்று கேள்வி கேட்டாள். "அப்பாவுக்குத் தெரியுமா? அத்தைக்குத் தெரியுமா? எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

குரோமோசோமை அவள் ஒரு மாதத்தில் ஏற்றுக்கொண்டாள். என்னை ஏற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. அந்த விழா ஆல்பத்தை இன்னும் நான் திறக்கவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

5 வயதில் உங்கள் பிள்ளை உங்களிடம்தான் வந்து கேட்டிருக்கிறாள். தயவுசெய்து பதில் சொல்லுங்கள். இன்று ஒரு வரி, 8 வயதில் இன்னொரு வரி, 11 வயதில் மிச்சம்.

தறிச்சத்தம் | வியாழன், அதிகாலை 4.50

கொங்குமேட்டான் அண்ணா சொன்னது: "அந்த வாயை யார் அடைப்பது?"

அண்ணா, நான் அந்தக் குழந்தை. இப்போது 34 வயது. நெசவுக் குடும்பம். வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தேன், பெண் என்றார்கள், பாவாடை சட்டையோடு வளர்ந்தேன். 4 வயதில் நகரத்து டாக்டர் ஒருவர் "வெட்டி எடுத்துவிட்டால் முழுப் பெண்ணாகிவிடும்" என்று சொல்லி ஒரு தொகை சொன்னார். அப்பா தறியை அடகு வைக்கப் போனார், யாரும் தரவில்லை. காசு இல்லாததால் தப்பித்தேன்.

13 வயதில் தமிழ் வகுப்பில் செய்யுள் வாசித்துக்கொண்டிருந்தபோது குரல் உடைந்தது. வகுப்பே சிரித்தது. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. உடம்பும் மாறத் தொடங்கியது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாடு என்று 22 வயதில்தான் ஒரு டாக்டர் விளக்கினார். பிறக்கும்போது பெண் மாதிரி தெரியும் எக்ஸ்ஒய் குழந்தையின் உடம்பு, பருவ வயதில் ஆணாக மாறத் தொடங்கும் நிலை. டொமினிகன் குடியரசில் சலினாஸ் என்ற ஊரில் இது பல குடும்பங்களில் உண்டாம், 1974-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கே அதற்குப் பேச்சு வழக்கில் ஒரு சொல்லே இருக்கிறது. நம் ஊரிலும் இதைச் சொல்ல ஒரு நல்ல சொல் இருந்திருந்தால் அம்மா என்னை இரண்டு வருடம் உள்ளறையில் வைத்திருக்க மாட்டாள். மகள் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்றே எல்லாரிடமும் சொன்னாள். நான் பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

ஒரு நாள் அப்பா சந்தையிலிருந்து வந்து தறிப் பலகை மேல் ஒரு காகிதப் பொட்டலம் வைத்தார். நீலக் கோடு போட்ட சட்டை, ஒரு கைலி. "உனக்கு எது தோதுப்படுதோ அதப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டு நெய்ய உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் போட மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா புதுப் பெயரைச் சொல்ல ஆறு வருடம் ஆனது. இன்றும் அவசரத்தில் "ஏ புள்ள" என்பாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஊர் பேசத்தான் செய்தது, நான்கைந்து வருடம். பிறகு பேச வேறு ஆள் கிடைத்தது. நான் இன்று வைத்திருக்கிற உடம்பு, அந்த அடகுக்காரர் பணம் தந்திருந்தால் இருந்திருக்காது.

வைகைக்கரை அக்கா, உங்கள் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. அவளுடையது வேறு. சி.ஏ.ஹெச் உள்ள எக்ஸ்எக்ஸ் பிள்ளைகள் பெரும்பாலும் பெண்ணாகவே வாழ்கிறார்கள். நாளைக்கு அவளே வேண்டும் என்று கேட்டால் அப்போது செய்யலாம். வெட்டியதை மட்டும் திரும்ப ஒட்ட முடியாது.

கொங்குமேட்டான் | வியாழன், இரவு 9.05

தம்பி, உன்னுடையதைப் படித்துவிட்டு நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் செய்தேன். அதைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள இன்னும் வாய் வரவில்லை. ஆனால் நேற்று நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன் தழும்பைச் சரிசெய்யத்தான் நடந்தது. 9 வயதில் அவள் ஆஸ்பத்திரி வாசலில் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றாள். நான் தூக்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் ஒழுங்காகப் போவதில்லை. மாத்திரையைக் கூட ஒளித்து வைக்கிறாள். மாத்திரை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும்.

அவளிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

கடலோரம் | வியாழன், இரவு 9.40

அண்ணா, நான் இப்படித்தான் ஆரம்பித்தேன்: "உன்கிட்ட கேக்காம செஞ்சிட்டோம். கேட்டிருக்கணும்." காரணம் எதுவும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடும். பிறகு ஃபைலை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் அவள் மட்டும் உள்ளே போகட்டும், நீங்கள் வெளியே இருங்கள். என் மகள் விஷயத்தில் அதற்குப் பிறகுதான் மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது.

பழையவார்டு | வெள்ளி, காலை 7.30

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சிறுநீர் அடைக்கிறது, அடிக்கடி கிருமித் தொற்று வருகிறது என்றால் அதற்கான சிகிச்சை வேறு, அதைத் தள்ளிப்போடக் கூடாது. "இது எதற்காக? இப்போதே செய்யாவிட்டால் பிள்ளைக்கு உடம்பில் என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பதிலில் ஊர், கல்யாணம், பள்ளிக்கூடம் என்று வந்தால் அது காத்திருக்கக்கூடியது.

வைகைக்கரை, பெரிய மனுஷி ஆவாளா என்று உன் அம்மாச்சி கட்டாயம் கேட்டிருப்பார். மாத்திரை சரியாகப் போனால் உன் மகளுக்கு மாதவிடாய் பொதுவாக வரும் என்று சொல்.

வைகைக்கரை | இரண்டு வாரம் கழித்து, சனி, காலை 7.10

எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தறிச்சத்தம் தம்பி எழுதியதை என் கணவருக்கும் அம்மாச்சிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அம்மாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு ஆத்தா இன்னும் இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "சோறு பொங்கிப் போடுறாளா?" என்றார். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தம்பி, முடிந்தால் சொல்லுங்கள், அவர் தினமும் கேட்கிறார்.

ஆபரேஷன் இப்போது இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். டாக்டரிடம் பழையவார்டு அம்மா சொன்ன கேள்வியைக் கேட்டேன். சிறுநீர்ப் பாதையில் சிக்கல் இல்லை, காத்திருக்கலாம் என்றார்.

பிள்ளையிடம் நானே பேச்சை எடுத்தேன். "நீ வயித்துல இருக்கும்போது உன் உடம்புல ஒரு மருந்து கம்மியா சுரந்துச்சு, அதனால இது கொஞ்சம் பெருசா வளந்துடுச்சு. அந்த மருந்தத்தான் மூணு வேளையும் சாப்பிடுற. இது உன்னோடது, வலிச்சாலோ யாராவது தொட்டாலோ அம்மாகிட்ட சொல்லணும்" என்றேன். "சரி. உப்பு பிஸ்கட் இருக்கா?" என்றாள். இப்போதைக்கு அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரிடம் மாத்திரை விஷயத்தை மட்டும் சொல்லப்போகிறேன். காய்ச்சல், வாந்தி வந்தால் உடனே கூப்பிட வேண்டும், அடிபட்டால் ஊசி போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறேன். மற்றது அவளுடைய விஷயம், அவள் சொல்ல நினைக்கும்போது சொல்லட்டும்.

நேற்று ராத்திரி காய்ச்சல், 101. காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு பங்காகக் கொடுக்க வேண்டும். அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாத்திரை டப்பாவில் கரியால் சூரியன், உச்சி வெயிலுக்கு ஒரு குடை, நிலா என்று அவரே படம் போட்டு வைத்திருக்கிறார். நான் எழுந்து வருவதற்குள் மாத்திரையை வெட்டி, கரண்டியின் முதுகில் வைத்து நசுக்கித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ரெண்டு பங்குதான?" என்று என்னைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

காலையில் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. இட்லி கேட்கிறாள், அப்புறம் வருகிறேன்.